துல்ஹுலைஃபா: கையேடுகள் மறந்த தாய்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் நடத்திய ஹஜ் விளக்க வகுப்புகளில், பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மதீனாவிலிருந்து மக்காவுக்குப் புறப்படும் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால், இஹ்ராம் கட்டலாமா ஹஜ்ரத்?” இந்தத் தயக்கத்திற்குத் தமிழில் வழங்கும் ஹஜ் கையேடுகள் பலவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

அக்கையேடுகளில் துல்ஹுலைஃபா நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. குளிக்கவும், இஹ்ராம் உடை அணியவும், பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழவும், நிய்யத் செய்து தல்பியா சொல்லவும். வரிசையில் பிழையில்லை. ஆனால் தொழ இயலாத நிலையிலுள்ள பெண் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுகிறாள். அவளுக்குரிய சட்டமோ நூலின் கடைசிப் பக்கங்களில் கிடக்கிறது.

‘மீகாத்’ என்னும் சொல் ‘வக்த்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. ஹஜ்ஜைப் பொறுத்தவரை அது குறிக்கப்பட்ட இடம், கட்டடமன்று. மக்காவிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள துல்ஹுலைஃபாவே மீகாத்களுள் மிகத் தொலைவானது. இன்று அங்கு நாம் காணும் விரிந்த பள்ளிவாசல், எகிப்தியக் கட்டடக் கலைஞர் அப்துல் வாஹித் அல்வகீல் 1980களில் வடிவமைத்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கே ஒரு மரத்தடியில் தங்கினார்கள். ‘மஸ்ஜிதுஷ் ஷஜரா’ என்னும் பெயர் அம்மரத்தின் நினைவே.

ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) நபியவர்கள் இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அங்கேதான் முஹம்மத் என்ற மகனை ஈன்றெடுத்தார்கள். ‘நான் என்ன செய்வது?’ என்று நபியவர்களிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். குளித்துத் துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் கொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

பிள்ளைப்பேற்று உதிரமே தடையன்று எனில், மாதவிடாய் எவ்வாறு தடையாகும்? ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றே. அவள் தொழாமலும் பள்ளிக்குள் நுழையாமலும் அவ்வெல்லையில் நிய்யத் செய்து தல்பியா சொல்லலாம். தவாஃபும் அதைத் தொடரும் ஸஃயும் மட்டுமே தூய்மை வரும்வரை காத்திருக்கும். இதை அறியாமல் இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தவள், திரும்பி வந்து இஹ்ராம் கொள்ள இயலாவிடில், பரிகாரமாகப் பலி கொடுக்க நேரும். வாழ்நாளெல்லாம் சேமித்துச் சென்றவளின் மனச்சுமையோ அதனினும் பெரிது.

விரிவாக எழுதினால் பாமரர் குழம்புவர் என்று நூலாசிரியர்கள் சொல்லக்கூடும். இங்கே குழப்பம் தந்தது விரிவன்று. விடுபட்ட ஒரு செய்திதான். அடுத்த பதிப்பிலேனும் துல்ஹுலைஃபா பற்றிய பகுதி அஸ்மா (ரலி) அவர்களிடமிருந்து தொடங்கட்டும். வாய்திறந்து கேட்கத் தயங்கும் பெண்ணுக்கும் அப்போது விடை கிடைத்துவிடும்.