மேலேயிருந்து பார்ப்பவர்கள்

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் தாய்லாந்தின் சிங்கோராவில் கரையிறங்கி அங்கிருந்த விமானத்தளத்தைப் பிடித்தனர். மறுநாள் அதைத் தாக்கப் பட்டர்வொர்த்தில் பிரிட்டிஷ் விமானங்கள் தயாராயின. ஆர்தர் ஸ்கார்ஃபின் விமானம் மட்டும் எழும்பியது; மற்றவை ஜப்பானியக் குண்டுவீச்சில் தரையிலேயே முடங்கின. அவர் தனியாகவே போய்க் குண்டு வீசி, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கிவிட்டு இறந்துபோனார். 1946இல் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

களக்காட்டில் ஒரு சாயங்காலம் இதைச் சொல்லி முடித்ததும் நண்பர் கேட்டார்: 'எல்லாஞ் சரிதான், இதுல நம்மாளு எங்கவே இருக்கான்?'

பட்டர்வொர்த்துக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையில் கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டியவர்கள் நம் சனங்கள். வீரத்தின் பிரதியில் அவர்கள் வெறும் நிலக்காட்சி. அடுத்த இரண்டாண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். செத்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. செத்த கூலிகளுக்கு முழுசான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இந்த யுத்தத்தைத் தமிழில் எழுதிய பெரும் பிரதி. ஆனால் அதன் பார்வை மெடான், பினாங்கு கடைத்தெருக்களிலும் ராணுவ முகாம்களிலும் நடமாடுவது. தோட்டத்து லயம் அதற்கு மையமல்ல. மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' (1993) அந்தக் கூலிகளையே கதையின் நடுவில் நிறுத்துகிறது. முதலாவதைக் கொண்டாடிய நம் விமர்சனம் இரண்டாவதைப் பேசவில்லை. 'கலைநேர்த்தி போதாது' என்று ஒதுக்குவது சுலபம். நேர்த்தியை அளக்கிற கோல் யார் கையில் இருக்கிறது?

மேலேயிருந்து பார்ப்பது வெள்ளைக்காரனின் நோய் மட்டுமல்ல. 2007 மார்ச் 26இல் புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு வீசியபோது, பள்ளிக்கூடப் பையனான நான் துள்ளிக் குதித்தேன். செத்த மூன்று பேர் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. 1995 ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனங்கள்மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டதைப் பிற்பாடுதான் படித்தேன். இரண்டும் ஒன்றல்ல, ஒன்று ராணுவத்தளம், மற்றது கோயில். ஆனால் என் மனசு விமானத்தில் ஏறிக்கொண்ட கணத்தில் தரை மறைந்துபோனது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நண்பரின் கேள்வி பாதிதான். 'நம்மாளு எங்கே' என்பதோடு, நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.