வயலோரக் குழந்தை

மக்களைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பல. மக்களே பேசும் நூல்கள் சில. சீனத்தின் யுன்னான் மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்கள் எடுத்த நூறு நிழற்படங்களைக் கொண்டு 1995-இல் வெளிவந்த 'விஷுவல் வாய்சஸ்' என்னும் தொகுப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அது பேசுவதையும் பேசாது விடுவதையும் ஒருசேர எடைபோடுதல் வேண்டும்.

1990களின் தொடக்கத்தில், பெண்களின் இனப்பெருக்க நலத் திட்டமொன்றில் ஈடுபட்ட கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இருவரும் வினாத்தாளோடு நின்றுவிடவில்லை. சிற்றூர்ப் பெண்கள் 62 பேரின் கைகளில் கேமராவைக் கொடுத்து, அன்றாட வாழ்வைத் தாங்களே படம்பிடிக்கச் செய்தனர். பின்னர் அப்பெண்கள் குழுவாகக் கூடிப் படங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் கதையையும் சொல்லி, அக்கதையின் வேர்களைத் தேடினர். 'போட்டோவாய்ஸ்' எனப் பெயர்பெற்ற இம்முறையின் ஊற்றுக்கண்களில் ஒன்று, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரேயிரேயின் சிந்தனை. எழுத்தறியா உழைப்பாளருக்கு ஓவியங்களைக் காட்டி, அவர்தம் வாழ்வைக் குறித்தே உரையாடச் செய்தவர் அவர். அங்கே வரைந்தவர் வேறு, பார்த்தவர் வேறு. யுன்னானிலோ பார்த்தவளே படைத்தவளும் ஆனாள். இதுவே இம்முறையின் தலையாய சிறப்பு.

ஒரு படம் நம் நெஞ்சைவிட்டு அகல மறுக்கிறது. மக்காச்சோளக் கொல்லையில் தாய் களையெடுக்கிறாள். வயலோரத்தில் கைக்குழந்தை தனியே கிடக்கிறது. அயலார் கண்ணுக்கு இது தாயின் கவனக்குறைவாகத் தோன்றக்கூடும். அவ்வூர்ப் பெண்ணின் கண்ணுக்கோ, உழைப்பும் குழந்தை வளர்ப்பும் ஒரே தோளின்மேல் ஏற்றப்பட்ட சுமையாகத் தெரிகிறது. பெண்ணின் நலம் கருப்பையோடு முடிந்துவிடுவதன்று என்பதை நீண்ட சொற்பொழிவைவிட இப்படம் தெளிவாக உணர்த்துகிறது. இத்தகைய படங்கள் அதிகாரிகளையும் அசைத்தன. குழந்தைக் காப்பகம், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, சிறுமியர் கல்விக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு அவை வழிவகுத்தன.

எனினும் நம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. சீனத்தில் ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறையிலிருந்த காலம் அது. அதிகாரிகள் பார்க்கவிருக்கும் படத்தில், தான் சுமந்த கருவைக் குறித்த துயரை ஒரு தாய் எவ்வளவு தூரம் காட்டியிருக்க முடியும்? வயலும் விறகும் படத்திற்குள் எளிதில் வந்துவிடுகின்றன, அச்சம் வருவதில்லை. கேமராவைக் கையில் கொடுப்பது வேறு, அச்சமின்றிப் பேசும் உரிமையைக் கொடுப்பது வேறு. மேலும், படமெடுப்பவள் ஏழையாயினும், படத்தில் அகப்படுபவளின் இசைவு தேவை. இம்முறையின் அறநெறிச் சிக்கல்களைக் குறித்து வாங் அம்மையாரே 2001-இல், வேறோர் ஆய்வாளருடன் இணைந்து, தனிக் கட்டுரை எழுதியமை அவரது நேர்மைக்குச் சான்று.

ஆதலால் இந்நூலை முடிவுரையாகக் கொள்ளாமல் முன்னுரையாகவே நாம் கொள்கிறோம். எளியவர் காட்டியதைக் கண்டு நெகிழ்வது எளிது. அவர் காட்ட இயலாமல் மறைத்ததற்கும் செவிசாய்ப்பது அன்பின் கடமை. வயலோரக் குழந்தைக்குக் காப்பகம் கிடைத்தது நன்று. அக்குழந்தையின் தாய்க்கு, தன் உள்ளத்திலிருப்பதை அஞ்சாமல் சொல்ல ஓர் இடம் கிடைத்ததா? அவ்வினாவை விட்டுவிடாதவரே இந்நூலை முழுமையாகப் படித்தவராவர்.