தொடையலும் மறுகலவையும்

இக்காலத்து இளைஞர் நாவில் அடிக்கடி வழங்கும் சொற்களுள் 'மிக்ஸ்', 'ரீமிக்ஸ்' என்பன இரண்டு. வெல்லவாயாவினின்றும் கொஸ்லந்த வழியாக மலையேறும் பேருந்துகளிலும், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளிலும் மின்னணு ஆடலிசை ஓயாது ஒலிக்கின்றது. கேட்போர் அனைத்தையும் 'ரீமிக்ஸ்' என்றே கூறி அமைகின்றனர். அங்ஙனம் கூறுதல் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

மிக்ஸ் என்பது பல பாட்டுக்களை இடையறாது தொடுத்தலாகும். டீ.ஜே. எனப்படுவார் ஒரு தட்டு ஒலித்துக்கொண்டிருக்கையில் அடுத்ததனைத் தம் செவிக்கு மாத்திரம் கேட்பித்து, இரண்டன் வேகத்தையும் ஒப்பாக்கி, ஒன்றனுள் மற்றதனை நழுவவிடுவார். 'ஹவுஸ்' என்னும் ஆடலிசை நிமிடத்திற்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடிகள் வரை செல்வதாதலின் இவ்விணைப்பு எளிதிற் கூடும். பாட்டுக்கள் பிறருடையன, தேர்வும் வரிசையுமே இவருடையன. இதனைத் தொடையல் எனலாம்.

வரிசைதானே என்று இகழ்தல் கூடாது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பர். அந்நூலில் ஒற்றைப்படை எண்ணுடைய பாட்டெல்லாம் பாலை; 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; பத்து, இருபது என வருவன நெய்தல். ஒரு பாட்டினையும் இயற்றாமலே, பிரிவின் துயரம் ஒன்றுவிட்டு ஒன்றாக மீண்டும் மீண்டும் எழுமாறு நானூறு பாட்டுக்களையும் நிறுத்திய அறிவு சிறிதோ? நல்ல தொடையலுக்கு வேண்டுவதும் அவ்வறிவே. பேருந்துகளிற் கேட்கும் தொடையல்கள் பலவற்றில் அஃது இல்லை என்பது வேறு செய்தி.

ரீமிக்ஸ் அன்னதன்று. இங்கே கலைஞன் பாட்டின் உள்ளே புகுகின்றான். யமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் வானொலிப் பெட்டிகள் திருத்திவந்த கிங் ரப்பி என்பார், 1970களின் தொடக்கத்தில், ஒரு பதிவிலிருந்து பாடகர் குரலை நீக்கி, முழவையும் தாழ்சுரத்தையும் முன்னிறுத்தி, எதிரொலி கூட்டி வேறொரு படைப்பாக்கினார். 1976இல் நியூயோர்க்கின் வால்டர் கிப்பன்ஸ், சில நிமிடப் பாட்டொன்றை ஆடரங்கிற்கேற்ப நீட்டி அமைத்தது பன்னிரண்டங்குலத் தட்டாக விற்பனைக்கு வந்தது. இவ்வாறு நீட்டிய ஒற்றைப் பாட்டினையும் மேனாட்டார் 'மிக்ஸ்' என்றே தட்டில் அச்சிட்டனர். குழப்பத்திற்கு அதுவும் ஒரு காரணம். எல்லை சிற்சில இடங்களிற் கசிதலும் உண்டு. ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தவரான மாதங்கி அருள்பிரகாசம் டிப்லோ என்பவருடன் 2004இல் வெளியிட்ட தொகுப்பு அமைப்பால் தொடையலேயாம். எனினும் அவர் குரல் பிறர் இசைமீது ஏற்றப்பட்டமையின் உள்ளே மறுகலவையும் கலந்திருக்கின்றது.

வழிநூலுக்கு நன்னூலார் கூறிய இலக்கணம் இங்கே நமக்கு உதவும். முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டு, மரபு அழியாது நிற்பதே வழிநூல். இவ்வளவுகோலைத் தமிழ்த் திரையிசையில் வைத்துப் பார்ப்போம். 'சொர்க்கம்' (1970) படத்து 'பொன்மகள் வந்தாள்' 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்திற்காக ஏ. ஆர். ரகுமானால் மீண்டும் அமைக்கப்பட்டது. விசுவநாதனின் மெட்டு நிற்கின்றது, தாளக்கட்டு புதிது. இது வழிநூல். 'படகோட்டி' (1964) படத்து 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்தில் வந்தபோதோ வாலியின் சொற்கள் நின்றன, மெட்டே மாறிற்று. இதனையும் ரீமிக்ஸ் என்று வழங்குவது பிழை. இஃது ஒரு பாட்டிற்கு இரண்டாம் இசையமைப்பாளர் இட்ட புதிய மெட்டு. அவ்வளவில் அது பாராட்டிற்குரியதே.

நம் திரையில் உண்மையான மறுகலவை அரிதாயினமைக்குக் காரணமும் உண்டு. அக்காலத்திற் பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே பாடி இசைக்க, எல்லாம் ஒரே தடத்திற் பதிவாயின. குரல் வேறு, தாளம் வேறாகப் பிரிக்கவியலாமையால் மீளப் பாடுவித்தலே வழியாயிற்று. இன்றோ கணினி மென்பொருள்கள் பழம்பதிவினின்றும் குரலைப் பெரும்பாலும் பிரித்துத் தருகின்றன.

அதனாலேயே இவ்வேறுபாடு எங்கள் தோட்டங்களுக்கு அவசரமானதாகின்றது. மலையகத்துத் தப்பிற்கு அடிகள் பல. சாமி புறப்பாட்டிற்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, காமன் கூத்திற்கு வேறடி; தொழிலாளரை விடியலில் வேலைக்கழைக்கப் பெரட்டுத் தப்பும் முழங்கிற்று. (யமேக்கர் தம் இசையினை 'டப்' என்பர், ஒலி ஒப்புமையன்றி உறவு யாதுமில்லை.) இப்பொழுது மாணவர் கைத்தொலைபேசியிற் பதிந்த தப்பொலியை வெட்டி, நாலடித் தாளத்தில் ஒட்டி, ஆடலிசை ஆக்குகின்றனர். ஆர்வம் நன்றே, சில கேட்கவும் இனியன. ஆயின் சாவடியைத் திருமண ஆட்டத்திற்கு ஒட்டியதனையும் யான் கேட்டதுண்டு. தொடையலாயின் அவ்வடி தன் முழுமையோடு தனித்து நிற்கும், அறிந்தவர் கண்டுகொள்வர். மறுகலவையிலோ அது துணுக்காகி அடையாளம் இழந்துவிடுகின்றது. முதனூலின் முடிபு இன்னதென அறியாதவன் வழிநூல் செய்தல் எங்ஙனம்?

விசுவநாதனுக்கும் வாலிக்கும் பெயர் எஞ்சும், படங்கள் உள. தப்படித்தவரைத் தாழ்வாக வைத்த ஊர் அவர் பெயரை எங்கும் எழுதி வைத்ததில்லை. யான் கேட்ட அப்பதிவுகளில் கலந்தவரின் பெயர் ஆங்கிலத்திற் பெரிதாக விளங்குகின்றது. அடித்தவர் பெயரும் இல்லை, அடியின் பெயரும் இல்லை.