ஒரே மேசை

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் 1941-ல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தைப் பற்றி எழுதும் பலரும் ‘வீட்டுச் சாப்பாடு மாதிரி’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர்களுடைய கிரியோல் கம்போ இறால், நண்டு, சாசேஜ் எல்லாம் ஊறிய பழுப்புக் குழம்பு, நடுவில் சோறு. ருசியில சந்தேகமே இல்லை. ஆனால் 1960களின் தொடக்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஊரில் சட்டவிரோதம். சிவில் உரிமைப் போராளிகளை லியா சேஸ் மாடியறையில் ஒன்றாக உட்காரவைத்து கம்போ பரிமாறினார். போலீஸ் வந்திருந்தால் கடையே போயிருக்கும். நான் போனபோது பக்கத்து மேசையில் கறுப்பரும் வெள்ளையருமாக ஒரு குடும்பம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்த ருசியைச் சொல்லணும்.