முதலில் கிளாஸ், பிறகுதான் தட்டு: கொலோன் பிரௌஹவுஸ் சாப்பாடு

குடிக்கப் போகிற இடத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று தமிழ்நாட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. டாஸ்மாக் பாரில் கிடைப்பது ‘சைடு டிஷ்’. குடியை உள்ளே இறக்குவதுதான் அதன் வேலை, பசியாற்றுவதல்ல. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் கதையே வேறு. கள்ளுக்கடையின் கப்பைக்கும் மீன்கறிக்குமாகவே மெனக்கெட்டுப் போகிறவர்கள் அங்கே உண்டு. ஆக, குடிக்கும் இடத்தில் சமையல் நன்றாக இருப்பதும் இல்லாததும் குடியின் குணமல்ல. அந்தக் கடை எதை விற்றுப் பிழைக்கிறது, அங்கே யார் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப்பார்க்க ஏற்ற ஊர் ஜெர்மனியின் கொலோன். ரைன் நதிக்கரையில் பத்து லட்சம் பேர் வாழும் நகரம் அது.

மதுக்கடையில் நன்றாகச் சாப்பிடலாம் என்பதை ஒரு நவநாகரிக வழக்கமாக ஆக்கியது லண்டன். 1991இல் ஃபாரிங்டன் பகுதியில் ‘தி ஈகிள்’ என்ற பழைய பப்பை இருவர் எடுத்து, பாரின் பின்னாலேயே அடுப்பை வைத்து, கரும்பலகையில் அன்றைய உணவை எழுதிப்போட்டார்கள். ‘கேஸ்ட்ரோபப்’ என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. அந்த வழியில் போன பல கடைகளில் காலப்போக்கில் பப் என்பது வெறும் அலங்காரமாகிவிட்டது. சாப்பாடு முன்னால் வந்தது, விலை ஏறியது, ஒரு கிளாஸ் பீரோடு மாலைப்பொழுதைக் கழித்த அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொண்டார்கள். கொலோனில் வரிசை தலைகீழ். இங்கே பிரௌஹவுஸ் என்பது பீர் ஆலையின் சொந்தக் கூடம், அல்லது ஒரே ஆலையோடு கட்டுண்ட கூடம். கிளாஸ்தான் எஜமான், தட்டு அதன் பின்னால் வருகிறது. இந்தச் சமையலின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பதே என் கட்சி.

கிளாஸைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். கோல்ஷ் என்பது இளமஞ்சள் நிறத்தில், தெளிவாக, மெல்லிய கசப்போடு இருக்கும் பீர். எதை அந்தப் பெயரால் அழைக்கலாம் என்று 1986இல் 24 ஆலைகள் கூடி ஒப்பந்தம் போட்டன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. நுரையும் உயிரும் சீக்கிரம் போய்விடும் பீர் இது. அதனால் 200 மில்லிதான் பிடிக்கும் ஒல்லிக் கிளாஸில் ஊற்றுகிறார்கள். ‘கோபெஸ்’ எனப்படும் பரிமாறுபவர் நீல ஏப்ரனும் இடுப்பில் தோல் பையுமாக, நடுவில் கைப்பிடி வைத்த வட்டத் தட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிளாஸ்களைக் குழிகளில் செருகித் தூக்கிக்கொண்டு வருவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைப்பார். கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதுமென்றால் அந்த அட்டையை எடுத்து கிளாஸின் வாயை மூடிவிட வேண்டும். கணக்குச் சீட்டும் அதுதான், நிறுத்தச் சொல்லும் குறியும் அதுதான்.

இந்த ஏற்பாட்டால் சமையலறைக்கு ஒரு பெரிய விடுதலை கிடைக்கிறது. வாடகையையும் கூலியையும் பீப்பாய் பார்த்துக்கொள்வதால், எல்லோருக்கும் எல்லாமும் சமைத்தாக வேண்டிய நெருக்கடி இல்லை. பத்துப் பதினைந்து பண்டங்களோடு மெனு அட்டையை முடித்துக்கொள்ளலாம். அவையும் பெரும்பாலும் பொறுமையாக வேகிறவை, மிச்சத்தை வீணாக்காதவை. மசித்த உருளைக்கிழங்கும் ஆப்பிள் மசியலும் போட்டு, மேலே வறுத்த இரத்தத் தொத்திறைச்சியும் பொன்னிற வெங்காயமும் வைக்கும் ‘ஹிம்மல் உன் ஏத்’ நல்ல எடுத்துக்காட்டு. ‘ஃப்ளோன்ஸ்’ என்ற அந்தத் தொத்திறைச்சிக்கும் 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏழை வீட்டுப் பண்டங்கள் மூன்று சேர்ந்து இனிப்பு, உப்பு, கொழுப்பு மூன்றையும் ஒரே கவளத்தில் தருகின்றன. ரை தானிய ரொட்டி, ஒரு கனத்த துண்டு கௌடா சீஸ், கடுகு, வெங்காயம் என்று வரும் ‘ஹால்வர் ஹான்’ சமையலே தேவைப்படாத பண்டம். ஆனால் ரொட்டி அன்றைக்குச் சுட்டதா என்பதை முதல் கடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றுள் ஒரு கடையைச் சோதிக்க ஏற்றது சவர்பிராட்டன். மாட்டிறைச்சியை (முற்காலத்தில் குதிரை இறைச்சி) வினிகர், கிராம்பு, பிரியாணி இலை, வெங்காயத்தோடு பல நாள் ஊறப்போட்டு, பிறகு அந்த ஊறல் நீரிலேயே மணிக்கணக்கில் வேகவிடுகிறார்கள். ரைன்லாந்து முறையில் குழம்பில் உலர்திராட்சையும், பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து எடுத்த கரும்பாகும், சில கடைகளில் பொடித்த இஞ்சி பிஸ்கட்டும் சேரும். நன்றாகச் செய்திருந்தால் புளிப்பு முதலில் வந்து, இனிப்பு பின்னால் நின்று, இறைச்சி முள்கரண்டிக்கே பிரியும். அவசரமாகச் செய்திருந்தால் இறைச்சி நாராக இருக்கும். இனிப்பை அள்ளிப்போட்டு அதை மறைத்திருப்பார்கள். ஒரு கடையில் முந்தாநாளே திட்டமிட்டு வேலை நடக்கிறதா என்பதை இந்த ஒரு தட்டு சொல்லிவிடும்.

பலத்தின் பட்டியலில் மேசைக்கும் இடமுண்டு. நீண்ட மரப்பலகையில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். இப்படிப்பட்ட கூடத்துக்குப் பெரிய மனிதர்களும் வந்ததுண்டு. 1999 ஜூனில் ஜி-8 மாநாட்டுக்கு வந்த அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், ஹ்யூமார்க்ட் சதுக்கத்து மால்ட்ஸ்மூலே என்ற பழைய பிரௌஹவுஸில்தான் சாப்பிட்டார். ஆற்றுக்கு எதிர்க்கரையில் டாய்ட்ஸ் பகுதியிலிருக்கும் லொமர்ட்ஸ்ஹைமில் முதலில் இடம் கேட்டதாகவும், முன்பதிவெல்லாம் கிடையாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டதாகவும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, அது எந்த வீட்டைப் பற்றியது என்பதில்தான் விஷயம். 1959 முதல் 2004 முடியும்வரை ஹான்ஸ் லொமர்ட்ஸ்ஹைம் நடத்திய கடை அது. போரில் அடிபட்ட கட்டடத்தைப் போலவே முகப்பை விட்டுவைத்து, மிகத் தடித்த பன்றிக் கொத்தலெட்டுக்காகவே பேர் வாங்கியது. சிறிது காலம் மூடிக் கிடந்த அதைப் பெஃப்கன் ஆலை 2008இல் மறுபடி திறந்தது. ஒரே பண்டத்தில் கைதேர்ந்துவிட்டால் அதுவே போதும் என்பதற்கு நகரம் தரும் சான்று இது.

இனிக் குறைகள். முதலாவது, குடிக்காதவரை இந்த ஏற்பாடு அரைமனதாகத்தான் வரவேற்கிறது. கேட்காமல் வரும் கிளாஸ் உபசாரம்போலத் தோன்றினாலும் விற்பனை உத்திதான். விற்பனையைப் பொறுத்துக் கூலி என்பது கோபெஸ் தொழிலின் பழைய வழக்கம். மதுவல்லாத பானம் ஒன்றாவது அதே அளவுள்ள மிக மலிவான மதுவைவிட விலை கூடுதலாக இருக்கக்கூடாது என்று ஜெர்மன் சட்டமே சொல்கிறது. அப்படிச் சட்டம் போட வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டுகிறது. தண்ணீர் கேட்டால் கோபெஸ் கிண்டலடிப்பார். அந்தக் கிண்டல் ஊர்க்காரருக்கு நாடகத்தின் ஒரு பகுதி. மொழி புரியாமல், புதிய முகமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் முரட்டுத்தனமாகவே போய்ச்சேரும். மரபு என்ற பெயரால் இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேசையின் சௌகரியமான பக்கத்தில் இருப்பவர்கள்.

இரண்டாவது, சைவர்கள் பாடு. மெனுவில் ‘சைவம்’ என்று எழுதாத எதிலும் பன்றி புகுந்திருக்கக் கூடும். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும், புளித்த முட்டைக்கோஸ் பன்றி நெய்யில் வெந்திருக்கும். மிஞ்சுவது ஹால்வர் ஹானும், ஆப்பிள் மசியலோடு வரும் உருளைக்கிழங்கு அடை ‘ரைபெகூகனும்’. கத்தோலிக்க ஊரின் வெள்ளிக்கிழமை நோன்புக்கு நன்றி சொல்ல வேண்டிய பண்டம் அது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மிருதுவாகவும் வந்துவிட்டால் வேறொன்றும் தேவையில்லை. ஆனால் எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் மியூனிக் ஒரு படி மேல். மர நிழலில் இயங்கும் பீர்த் தோட்டத்துக்கு விருந்தினர் தம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரலாம் என்பதை பவேரிய அரசு 1999இல் பிறப்பித்த ஆணையே அடையாளமாக வைத்திருக்கிறது. பீரை மட்டும் அங்கே வாங்கினால் போதும். இட்லிப் பொட்டலத்தோடு போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது: பெயருக்கும் பொருளுக்கும் இடையே விழுந்துவிட்ட இடைவெளி. பிரௌஹவுஸ் என்ற பலகை மாட்டிய பல இடங்களில் இன்று பீர் காய்ச்சப்படுவதில்லை. 1904இல் தொடங்கி கொலோன் கதீட்ரலுக்குப் பக்கத்திலேயே காய்ச்சிவந்த ஃப்ரூ நிறுவனம், 1980களில் ஆலையை நகரின் வடக்கே கொண்டுபோய்விட்டது. ராடெபெர்கர் என்ற பீர்க் குழுமம் தன் கைக்கு வந்த பல கோல்ஷ் பெயர்களை முல்ஹைம் பகுதியில் ஒரே ஆலையில் காய்ச்சியது. பிறகு அந்த ஆலையையும் விட்டுவிட்டு வேலையை ஃப்ரூவிடம் ஒப்படைத்தது. கூடம், கண்ணாடிச் சித்திரம், கிளாஸில் அச்சிட்ட பெயர் எல்லாம் வேறு வேறு. காய்ச்சும் கை ஒன்று. மாறாக, ஃப்ரீசன் தெருவில் 1883இலிருந்து இயங்கும் பெஃப்கன் இன்றும் அதே இடத்தில் காய்ச்சிப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறது.

பீரில் நடந்த இதே சங்கதி அடுப்பிலும் நடந்தது. கதீட்ரலைப் பார்க்க வரும் கூட்டத்துக்காகச் சுற்றுவட்டாரத்தின் பெரிய கூடங்கள் மெனுவை நீட்டின. ஷ்னிட்சல் ஏழு விதம், பர்கர், பாஸ்தா, பவேரியாவின் பன்றிக்கால் வறுவல் எல்லாம் வந்து சேர்ந்தன. அத்தனையையும் புதிதாகச் சமைக்க எந்தச் சமையலறையாலும் ஆகாது. பொட்டலமும் வாளியும் உதவிக்கு வருகின்றன. பிரான்ஸில் கடையிலேயே சமைத்ததற்கென்று 2014 முதல் ஒரு முத்திரை உண்டு. ஜெர்மனியில் அப்படியொன்றும் இல்லை. ஆனால் கவனமுள்ள வாசகருக்கு மெனு அட்டையே ஒரு துப்பு தருகிறது. பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக எண்கள் இருக்கும். பதப்படுத்தி, சுவைகூட்டி, நிறமி, பாஸ்பேட் என்று சேர்க்கைப் பொருட்களைச் சட்டப்படி அறிவிக்கும் எண்கள் அவை. தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் எண் இருப்பது இயல்பு. சவர்பிராட்டன் குழம்புக்கும் உருளைக்கிழங்கு சாலடுக்கும் எண்கள் வரிசைகட்டி நின்றால், அந்தக் குழம்பு வேறெங்கோ காய்ச்சப்பட்டிருக்கலாம்.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்தபட்சக் கூலி 2015இல் மணிக்கு 8.50 யூரோ, 2025இல் 12.82. கூலி உயர்ந்தது நியாயமே. ஆனால் மூன்று நாள் ஊறவைக்கிற சமையலில் கூலிதான் பெரிய செலவு. பெருந்தொற்றுக் காலத்தில் 7 விழுக்காடாகக் குறைத்த உணவக வரி 2024 ஜனவரியில் மீண்டும் 19 ஆனது. 2026 தொடக்கத்தில்தான் உணவுக்கு மட்டும் திரும்ப 7க்கு இறங்கியது. ஆளும் கிடைப்பதில்லை. எண்பதுகளில் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்கு கொலோன் இருக்கும் இந்த மாநிலத்தின் உணவகச் சமையலறைகளே முதல் வேலையிடம். பாத்திரம் கழுவத் தொடங்கி அடுப்புவரை வந்தவர்கள் அவர்களில் உண்டு. ஜெர்மன் குழம்பின் பதம் தெரிந்த அந்தத் தலைமுறை ஓய்வு பெறும் வயதில் நிற்கிறது. அவர்கள் பிள்ளைகள் வேறு படிப்பும் வேறு வேலையுமாகப் போய்விட்டார்கள். பிரௌஹவுஸ் மரபைப் பற்றிய புகழுரைகளில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

புதிய கைகளும் இல்லாமலில்லை. ரோன் தெருவின் ஹெல்லர்ஸ் 1991 முதல் இயற்கை விளைபொருளில் பீர் காய்ச்சி அதே கூரையின் கீழ் சாப்பாடும் போடுகிறது. தென்பகுதியில் எல்சாஸ் தெருவின் யோஹான் ஷேஃபர் பழைய கூடத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு மெனுவை இக்காலத்துக்கு மாற்றியது. காய்கறிக்கு அங்கே தனி மரியாதை. லண்டன் பாணி இங்கே எட்டிப்பார்க்கிறது என்பது மெய்தான். எனினும் நீண்ட மேசையையும் பீரின் மையத்தையும் கைவிடாதவரை இதைச் சீர்திருத்தம் என்றே சொல்வேன்.

அப்படியானால் எங்கே போவது? கதீட்ரலிலிருந்து குறைந்தது கால் மணி நேரம் நடந்தாக வேண்டும். மெனு ஒரே தாளில் முடிகிற வீடாகப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் அன்றைய பண்டம் இருந்தால் அதைக் கேட்பது நல்லது. பொரித்ததைவிட வெந்தது மேல். ஞாயிறு மாலையைவிட வாரநாள் மதியம் மேல். பக்கத்து மேசைக்காரர் கோபெஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். திரும்பத் திரும்ப வருகிறவரை ஏமாற்றிக் கடை நடத்த முடியாது.

சமையலைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் இருக்கவிட்டது பீரின் வருமானம். அந்த வருமானம் இப்போது நிச்சயமில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் ஜெர்மானியர் குடிக்கும் பீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. இளைஞர்கள் இன்னும் குறைவாகக் குடிக்கிறார்கள். கிளாஸ் தாங்கிய பாரத்தை இனித் தட்டு தாங்கியாக வேண்டும். அந்தப் பதற்றத்தில் மெனுவை நீட்டும் வீடுகள் எந்த ஊரிலும் கிடைக்கும் சாப்பாட்டையே போடும். அதற்காக யாரும் கொலோனுக்கு வர வேண்டியதில்லை. பத்துப் பண்டத்தை ஐந்தாக்கி, விலையைச் சற்று உயர்த்தி, அதில் ஒன்றிரண்டைச் சைவருக்கும் ஒதுக்கி, தண்ணீர் கேட்டவரிடமும் அதே முகத்தோடு பேசும் வீடுகளுக்குப் பீரின் தயவு இல்லாமலும் பிழைக்க வழியுண்டு.