ஆய்வேட்டின் நான்காம் இயலும் ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களும்

"இந்த வருஷ மலருக்கு நீங்க ஒரு இலக்கியக் கட்டுரை தந்தே ஆகணும் சார்" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, புதிதாக எதையும் தேடிப் போகிற தெம்பு எனக்கு இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் நடந்து முடிந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஆராய்ச்சி செய்தவள் என் பேத்தி. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. கடைசி செமஸ்டரில் எழுபது பக்கத்துக்கு ஒரு ஆய்வேடு தர வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட நூல், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977இல் வந்த நாவல். அவள் படித்தது கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை. காரணம் எளிது. குழந்தைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதற்கு யார் பொறுப்பு என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. நம் வீடுகள் பலவற்றில் இதே கதைதான்.

நாவலை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். களம் செகந்தராபாத். காலம் நாடு விடுதலை பெற்ற 1947ஐ ஒட்டிய மாதங்கள். ஹைதராபாத் நிஜாம் இந்தியாவோடு சேர மறுக்கிறார். காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் தெருவில் இறங்குகிறார்கள். 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை நுழைகிறது, 17ஆம் தேதி நிஜாம் பணிகிறார். இதன் நடுவே சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன் கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். அசோகமித்திரனே 1931இல் செகந்தராபாத்தில் பிறந்து, 1952இல்தான் சென்னைக்குப் போனவர். வெளியூர்த் தமிழர் வாழ்க்கையை உள்ளேயிருந்து எழுதியவர் என்பதால் நமக்கு அவர் நெருங்கிய உறவு மாதிரி.

பேத்தியின் ஆய்வேட்டில் முதல் மூன்று இயல்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. நான்காவது இயல் கதாநாயகனைப் பற்றியது. அதன் முதல் வரைவை எனக்குப் படித்துக் காட்டினாள். விளிம்புநிலை, கலப்பு அடையாளம், இடைவெளி என்று பெரிய பெரிய சொற்கள். முடிவு இதுதான்: சந்திரசேகரன் நிஜாம் பக்கமும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். ஆகவே அவன் பங்காளி அல்ல, சாட்சி மட்டுமே.

கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. "ரொம்ப நன்னா இருக்கும்மா" என்றேன். அவளுடைய நெறியாளருக்கு இனிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஏழெட்டு இடத்தில் ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருந்தார்: 'எந்தப் பக்கத்தில்?'

அந்தக் கேள்வியோடு நான் மறுபடி வரைவைப் பார்த்தேன். நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நாவலின் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்திகள் அப்படியே நிற்கும். கோட்பாடு தவறில்லை. ஆனால் கதைக்குள் போய்த் தேடாமல், மேலே கோந்து போட்டு ஒட்டினால் அது எந்தப் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளும் லேபிள்தான். இன்றைய ஆய்வேடுகள் பலவற்றின் குறை இது என்பது என் கருத்து.

"தாத்தா, நீங்க தமிழ்ல படிங்க, நான் கேக்கறேன்" என்றாள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒன்றரை மாதம் ஆயிற்று.

கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம். படை நுழைந்த பிறகு காற்று திசை மாறிவிட்டது. இப்போது அடிபடுகிறவர்கள் முஸ்லிம்கள். கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் தப்பி ஓடி ஒரு வீட்டுக்குள் புகுகிறான். அது ஒரு முஸ்லிம் குடும்பம். அவனைப் பார்த்து நடுங்குகிறார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண் முன்னால் வருகிறாள். வீட்டாரை விட்டுவிடும்படி, தன்னையே கொடுக்கத் துணிந்து ஆடையைக் களைகிறாள். அவன் வெளியே ஓடுகிறான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள் கேட்டாள்: "தாத்தா, அந்தப் பொண்ணுக்கு இவன் தமிழன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா மட்டும் என்ன?"

நான்காம் இயல் அங்கே உடைந்தது. அவன் பயந்து ஓடி வந்தவன்தான். ஆனால் வாசலைத் தாண்டிய நிமிஷமே அவர்களுக்கு அவன் ஜெயித்த கூட்டத்தின் ஆள். தான் யார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு அங்கே மதிப்பில்லை, அவர்கள் கண்ணுக்கு யாராகத் தெரிந்தான் என்பதே கணக்கு. 'வெறும் சாட்சி' என்ற இடத்தை நாவல் அவனுக்குக் கொடுத்து, கடைசியில் பறித்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை. 1984 நவம்பரில் நான் டெல்லியில்தான் இருந்தேன். எங்கள் எதிர் வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் பால் வாங்கிக்கொண்டு போய்த் தட்டினேன். கதவை ஓர் அங்குலம் திறந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் குழந்தைகளைப் பின்னால் தள்ளினாள். ஐந்து வருஷப் பழக்கம். 'நாங்க மதராஸி, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை' என்று அன்றுவரை நினைத்திருந்தேன். பாலை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். இதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. அன்று பேத்தியிடம் சொன்னேன்.

ஹைதராபாத்தில் அப்போது நடந்தவற்றை விசாரித்த சுந்தர்லால் குழுவின் அறிக்கை நெடுங்காலம் வெளியிடப்படாமலே இருந்து, 2013இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. குறைத்து மதிப்பிட்டாலும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது அதன் கணிப்பு. அந்த அறிக்கை மூடிக் கிடந்த காலத்திலேயே ஒரு தமிழ் நாவல் அந்த வீட்டுக் கதவைத் திறந்து காட்டிவிட்டது. எண்ணிக்கை எதுவும் சொல்லாமல், ஒரே ஒரு வீட்டை மட்டும்.

பேத்தி அதோடு விடவில்லை. "ஒரு பையனுக்குப் புத்தி வரதுக்கு ஒரு பொண்ணு இப்படி வந்து நிக்கணுமா தாத்தா?" என்று கேட்டாள். நியாயமான ஆட்சேபம். அந்தப் பெண் அந்தப் பக்கங்களில் மட்டும்தான் வருகிறாள். அவளுக்கு முன்கதை இல்லை, பின்கதை இல்லை. இதை நாவலின் குறையாகவே ஆய்வேட்டில் எழுதினாள். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில்: ஆசிரியர் அந்தப் பையனை அவளைக் காப்பாற்றும் வீரனாக ஆக்கவில்லை. அவனால் ஓடத்தான் முடிகிறது. வாசகருக்கு ஆறுதல் தரும் வழி இருந்தும் அவர் அதைத் தரவில்லை. அந்த நேர்மைதான் நாவலைத் தாங்குகிறது.

புது நான்காம் இயல் பழையதில் பாதி நீளம்தான். ஒவ்வொரு வாதத்துக்கும் பக்க எண் இருந்தது. நெறியாளர் பென்சிலை எடுக்கவில்லையாம்.

நம் பிள்ளைகள் இப்படி ஏதாவது ஆராய்ச்சி என்று வந்தால், "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். புத்தகத்தை எடுத்து அவர்களுக்கு உரக்கப் படியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கும், இல்லாவிட்டால் நாம் மறைத்து வைத்த ஏதோ ஒன்று இருக்கும்.

ஆய்வேடு பைண்டு ஆகி வந்தது. முகப்பை அடுத்த பக்கத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டி அவளே தமிழில் கையால் எழுதியிருந்தாள்: 'தாத்தாவுக்கு நண்றி.' மூன்று சுழி போட்டுவிட்டாள். நான் திருத்தச் சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படிக்கிறாள், நான் கேட்கிறேன்.