பெருங்களத்தூர் முதலையும் லியோனிடா அலிகேட்டரும்

2023 டிசம்பர் 6, சாயங்காலம். முடிச்சூரில் கரன்ட் போய் மூன்றாவது நாள். மிக்ஜாம் புயலின் மழை விட்டிருந்தது. தெருத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. போனில் பதினோரு சதவீதம் சார்ஜ். சிக்னல் தேடி நடந்து தாம்பரம் மேம்பாலம் ஏறினேன். ஏறிய கொஞ்ச நேரத்தில் இரண்டு நாள் வாட்ஸ்அப் மொத்தமாக வந்து கொட்டியது.

முதலில் திறந்தது, பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றத்தில் காருக்குள்ளிருந்து யாரோ எடுத்த வீடியோ. கொட்டும் மழையில் ஒரு முதலை சாலையைக் கடந்து புதருக்குள் போகிறது. ஏரி நிரம்பி வழிந்ததில் வெளியே வந்த சதுப்புநில முதலை. அடுத்து திறந்தது, என் அக்கா பையன் அனுப்பிய ஜி.டி.ஏ. 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேமின் டிரெய்லர். 240பி தரத்தில் விட்டு விட்டு ஓடியது. அதிலும் ஒரு முதலை. கடைக் கதவு வழியாக அலிகேட்டர் ஒன்று உள்ளே நுழைகிறது, எதிரே ஒரு ஆள் அலறுகிறார். மேம்பாலச் சுவரில் சாய்ந்து இரண்டு வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சார்ஜ் ஆறு சதவீதத்துக்கு வந்ததும் போனை அணைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து இந்த கேமை வேறு யாருடைய ஊராகவும் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த டிரெய்லர் இந்திய நேரப்படி டிசம்பர் 5 மாலைதான் வருவதாக இருந்தது. முன்கூட்டியே கசிந்ததால் கேமை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் விடியற்காலையிலேயே யூடியூபில் போட்டுவிட்டது. 24 மணி நேரத்தில் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களில் பலர் அந்தக் கணக்கில் இருந்திருக்க வழியில்லை. அன்று நாங்கள் தேடியது பால் பாக்கெட்டும் குடிதண்ணீர் கேனும்.

2025 மே 6-ல் இரண்டாவது டிரெய்லர் வந்தது. நீளம் 2 நிமிடம் 46 நொடி. எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒரே நாளில் 47.5 கோடிப் பார்வைகள் என்பது ராக்ஸ்டார் தரப்புக் கணக்கு. இந்த முறை வீட்டில் கரன்ட் இருந்தது. முதலில் தாம்பரம் – பீச் எலக்ட்ரிக் ரயிலில் போனில் பார்த்தேன். இரவு வீட்டு டிவியில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் நண்பன் வீட்டு 55 அங்குல 4கே திரையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கடைசியாக அக்கா பையனின் லேப்டாப்பில், யூடியூபை நிறுத்திவிட்டு, புள்ளி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினோம். நொடிக்கு 30 பிரேம் என்றால் மொத்தம் ஏறக்குறைய ஐயாயிரம். இரண்டு ராத்திரி ஆனது. இந்த விமர்சனம் அந்த லேப்டாப் முன்னால் எழுதிய குறிப்புகளிலிருந்து வருவது.

அந்தத் திரையில் நான் கண்டது புழுக்கம். கன்சோல் தலைமுறை மாறும்போதெல்லாம் நமக்குக் காட்டியது பனிமலை, பைன் காடு, மூடுபனி போட்ட ஐரோப்பிய வீதி. மனிதர்கள் கம்பளிக் கோட்டுக்குள் இருப்பார்கள். இங்கே ஜேசன் டூவல் என்கிற கதாநாயகன் அறிமுகமாவதே ஒழுகும் கூரையை அடைப்பதற்காக வெயிலில் ஏறி நிற்கும்போது. மழைக்கு முன் மொட்டை மாடி விரிசலுக்குப் பூச்சு அடித்த எவருக்கும் அந்த வெயில் பிடரியில் சுடும். கடற்கரையில் உடற்பயிற்சி செய்பவர்களின் தோளில் வியர்வை மினுங்குகிறது, பாட்டிலுக்குள் பீர் ஆடும்போது குமிழி மேலே ஏறுகிறது, முன்கை மயிர் தனித்தனியாகத் தெரிகிறது. இவற்றைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். என்னை நிறுத்தியது வேறொன்று. தூரத்துக் கட்டடங்கள் வெளிறிப் போயிருக்கின்றன. பல்லாவரம் மலைமேல் நின்று காலை பத்து மணிக்குக் கடல் பக்கம் பார்த்தால் வானமும் ஊரும் ஒரே சாம்பல் வெள்ளையாகக் கரைந்திருக்குமே, அந்த வெளிறல். ஈரம் சுமந்த காற்றில் ஒளி சிதறுவதால் வருவது அது. இவ்வளவு நுட்பமாக அதைச் செய்திருப்பவர்கள் கடலோர ஊரின் காற்றை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

கதை நடப்பது லியோனிடா என்ற கற்பனை மாநிலத்தில். அசல், அமெரிக்காவின் ஃப்ளோரிடா. தட்டையான நிலம், பக்கத்தில் கடல், உள்ளே சதுப்பு, வருஷா வருஷம் புயல். வரைபடத்தை நம் தென்சென்னைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை புரியும். முதல் டிரெய்லரில் சதுப்புநிலத்துக்கு மேல் பூநாரைக் கூட்டம் எழுகிறது, கீழே பெரிய விசிறி பொருத்திய படகுகள் விரைகின்றன. கேமில் அந்தப் பகுதியின் பெயர் கிராஸ்ரிவர்ஸ். நம்முடையதன் பெயர் பள்ளிக்கரணை. அங்கேயும் பூநாரைகள் வந்து இறங்குவதை மேடவாக்கம் பக்கம் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தவர்கள் நிறையப் பேர். 2022-ல் அந்தச் சதுப்புநிலம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் எந்தக் கேம் கம்பெனியும் அதன் நீர்ப்பரப்பில் விழும் மாலை வெளிச்சத்தை ஆராய்ந்ததில்லை. அது என்றாவது நடக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ராக்ஸ்டாரின் இந்தியக் கிளை பெங்களூரில் 2016 முதல் இருக்கிறது. 2019-ல் இந்தியாவின் முன்னோடி கேம் நிறுவனமான துருவா இன்டராக்டிவையும் வாங்கி அதோடு இணைத்தார்கள். திறமை ஓர் இரவு ரயில் தூரத்தில்தான் இருக்கிறது.

"மாமா, இதுல பாதி கட்சீன். நீங்க ஓவரா உருகுறீங்க" என்றான் அக்கா பையன்.

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. பி.எஸ்.5 கன்சோலில் பதிவு செய்தது, விளையாட்டுக் காட்சியும் கட்சீனும் (நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் கதைக் காட்சி) சரிபாதி என்று ராக்ஸ்டாரே சொல்லிவிட்டது. ஆனால் எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லவில்லை. திரையில் மினி மேப் இல்லை, துப்பாக்கிக் குறி இல்லை. வண்டியைத் திருப்பினால் கனமாகத் திரும்புமா, துள்ளுமா என்று எதுவும் தெரியாது. ஒரு கேமின் உயிர் விரலுக்கும் திரைக்கும் நடுவில் இருப்பது. அந்த இடத்தை இரண்டு டிரெய்லருமே மூடி வைத்திருக்கின்றன. காசு போடப் போகிறவன் இதை மறக்கக்கூடாது.

என் குறை அதைவிடப் பெரியது. மழை எங்கே? வெயில் இருக்கிறது, அந்தி இருக்கிறது, நியான் விளக்கு ராத்திரி இருக்கிறது. ஐயாயிரம் பிரேமில் அடித்துக் கொட்டும் ஒரு மழை என் கண்ணில் படவில்லை. அலிகேட்டரைக் கடைக்குள் அனுப்பியவர்களுக்கு அதைத் தெருவுக்குக் கொண்டுவரும் தண்ணீரைக் காட்ட மனம் வராமல் போகாது என்று நம்புகிறேன். புயலை இவர்கள் முன்பே தொட்டிருக்கிறார்கள்.

2002-ல் வந்த வைஸ் சிட்டியைச் சொல்கிறேன். எங்கள் தலைமுறைக்கு ஜி.டி.ஏ. என்றால் அதுதான். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். ப்ளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, அதில் இரண்டு பேர். 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்.பி. ராம் இருந்தால் ஓடிவிடும் கேம் அது. அதனால்தான் தாம்பரம் வரைக்கும் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடு எழுதி வைத்திருப்போம். பேன்சர் என்று அடித்தால் டாங்கி வானத்திலிருந்து விழும். ஆஸ்பிரின் என்பதோடு கடைசியில் ஒரு 'ஈ' சேர்த்து அடித்தால் உயிர் முழுதாக ஏறும். அந்த ஒற்றை எழுத்து தெரியாமல் பையன்கள் செத்துச் செத்துப் பிழைப்பார்கள். அந்த கேம் தொடங்கும்போது ஊரின் மறுபாதிக்குப் போகும் பாலங்கள் மூடிக் கிடக்கும். காரணம், புயல் எச்சரிக்கை. தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பேசிக்கொண்டே எங்கள் அரை மணி நேரம் போகும்.

"டைம் ஆச்சு தம்பி, எந்திரிங்க" என்பார் கல்லாவில் இருந்த அண்ணன். பத்து நிமிஷம் கழித்துத்தான் உண்மையில் எழுப்புவார்.

இந்த விமர்சனத்துக்காக வைஸ் சிட்டியின் மொபைல் பதிப்பைப் பழைய ஆண்ட்ராய்டு போனில் மறுபடி ஆடிப் பார்த்தேன். பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 2012 டிசம்பரில் வந்தது. பொம்மை ஹெலிகாப்டரில் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்குள் வைக்கும் மிஷன்வரை போனேன். நான்கு குண்டு, மேலே ஓடும் கடிகாரம், இறக்கை சுவரில் உரசினால் அடி. அன்று கீபோர்டின் எண் விசைகளில் ஆடியது. 8-ம் 5-ம் தேய்ந்து எழுத்தே தெரியாது. கண்ணாடித் திரையில் தூக்குவதற்கும் சாய்ப்பதற்கும் நடுவே கட்டைவிரல் வழுக்குகிறது, படிக்கட்டுத் திருப்பத்தில் விரலே காட்சியை மறைக்கிறது. நான்காவது முயற்சியில் முடித்தேன். கிராஃபிக்ஸ் கிழவனாகிவிட்டது, ஆனால் ஆட்டம் இன்னும் கையில் நிற்கிறது. கடலோரச் சாலையில் அந்தி சிவக்கும்போது இருபது வருஷம் முன்பு நெஞ்சில் விழுந்த அதே இழுப்பு விழுகிறது.

வைஸ் சிட்டியின் கதை நடப்பது 1986-ல். ஜி.டி.ஏ. 6-ன் இரண்டாவது டிரெய்லரில் ஓடும் 'ஹாட் டுகெதர்' பாடலும் பாயின்டர் சிஸ்டர்ஸ் 1986-ல் வெளியிட்டதே. புது கேமின் கதை இன்றைய காலத்தில் நடந்தாலும் பாட்டை அந்த வருஷத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவனுக்குத் தெருமுனைக் கடையின் பெயரைச் சொல்வதுபோல அது. கதாநாயகி லூசியா சிறையிலிருந்து வெளியே வருகிறாள், ஜேசன் காத்திருக்கிறான், பாட்டு ஏறுகிறது. மேடவாக்கத்து இருட்டில் நானும் நண்பனும் அந்த இடத்தில் பேசவில்லை. கேம்ப் ரோட்டில் என்னோடு ஒரே நாற்காலியைப் பகிர்ந்தவன் அவன்தான்.

இனி காசுக் கணக்கு. பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அறிவிப்பு. கம்ப்யூட்டருக்கு இல்லை. அன்று பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஓடியதால் நமக்குக் கிடைத்த தொடர், இன்று 2024 ஏப்ரலில் 54,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த பி.எஸ்.5 ஸ்லிம் போன்ற கன்சோலைக் கேட்கிறது. குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் அன்றைக்கு இருபது ரூபாயோடு வந்து நின்ற பையன்களுக்கு இணையானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விலை எட்டாது. மணிக்கணக்கில் கன்சோல் ஆடவிடும் கடைகள் நம் புறநகரில் இன்னும் பத்து வந்தாலும் நல்லது. வன்முறையும் மற்றதும் நிறைந்த கேம் இது, பெரியவர்களுக்கானது. அன்று எங்கள் வயதை யாரும் கேட்கவில்லை. இன்று கடைக்காரர்கள் கேட்கவேண்டும்.

தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. 2025 இலையுதிர் காலம் என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள். இப்போது அறிவித்திருப்பது 2026 நவம்பர் 19. நமக்கு அது கார்த்திகை, வடகிழக்குப் பருவமழையின் நட்டநடு. பி.எஸ்.5-ம் டிவியும் சேர்ந்து ஏறக்குறைய 300 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி போட்ட வீட்டு இன்வெர்ட்டர் நான்கு மணி நேரம் தாங்கும், ஃபேனை நிறுத்திவிட்டால். கணக்குப் போட்டுக் காட்டியதும் அக்கா பையன் தரைத்தள இன்வெர்ட்டரை எப்போது மாடிக்கு ஏற்றலாம் என்று கேட்டான். அக்டோபர் முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.